காரல் மீன்ட பற்றீரியாவுக்க வெளி ஜீன் ஏத்த எந்த வழி நல்லம்?

போன கிழமை சித்தீன்ட மகள் வீட்ட வந்து கதிரையில இருக்க முந்தியே கேட்டாள், "அண்ணா, எலக்ட்ரோபொரேற்றர் ஒண்டு எங்கயாவது இரவல் எடுக்கலாமா?" கரண்ட் அடிச்சுப் பற்றீரியாவுக்க டி.என்.ஏ ஏத்திற மெசின் அது, பக்கத்து வீட்டில சீனி கேக்கிற மாதிரிக் கேக்கிறாள். ஏன் அது வேணும் எண்டு கேட்டா, அதிலதான் ஜீன் ஏறின கொலனி கூட வருமாம், ஆரோ சீனியர் சொன்னவராம். எனக்குச் சிரிப்பு வந்திட்டு, ஏனெண்டா பத்துப் பதினைஞ்சு வருசத்துக்கு முந்தி நானும் இதே ஆசையோட அலைஞ்சவன். அண்டைக்கு அவளோட இரவு பதினொரு மணி மட்டும் கதைச்சதைத்தான் இஞ்ச எழுதுறன், இதே மாதிரி ஒரு புறொஜெக்டோட முழிச்சுக்கொண்டு நிக்கிற வேற பிள்ளையளுக்கும் உதவும்.

முதல்ல அவளின்ட விசயம் என்னெண்டு சொல்லோணும். திருகோணமலை மீன் சந்தையில காரல் வாங்கி (சொதி வைக்கிற அதே காரல்தான்), அதின்ட தொண்டைக் குழாயைச் சுத்தி இருக்கிற வெளிச்ச உறுப்பை எடுத்து, கடல் தண்ணி அகாரில இழுத்து, இருட்டில மினுங்கிற கொலனியளைப் பிரிச்சு வச்சிருக்கிறாள். காரல் குடும்பத்து மீனுகளுக்க குடியிருந்து வெளிச்சம் குடுக்கிறது ஃபோட்டோபக்டீரியம் லேயோக்நாதி எண்ட பற்றீரியா, கொலரா பற்றீரியாவும் சேந்த விப்ரியோக் கூட்டத்தின்ட சொந்தக்காரன். அந்தப் பிளேட்டை ஃபோனில படம் எடுத்துக் காட்டினாள், உண்மையாவே நல்ல வடிவு, நீலப் பச்சையா. இப்ப அவளுக்கு வேண்டியது, அந்தப் பற்றீரியாவுக்க சிவப்பா மினுங்கிற புரதத்துக்குரிய ஜீன் ஒண்டை ஏத்தி, ரெண்டு கிழமை மீன் தொட்டியில விட்டு, அது மீனில எங்க போய் ஒட்டுது எண்டு மைக்ரோஸ்கோப்பில பாக்கிறது. பச்சை ஜீன் சரிவராது, அது ஏற்கனவே நீலப் பச்சையில எரியுது, ரெண்டும் குழம்பிப் போகும். அதால எம்செரி எண்ட சிவப்பு ஜீன். அது வரைக்கும் நல்லா யோசிச்சிருக்கிறாள்.

பிழை எங்க எண்டா, "எந்த முறையில கூடக் கொலனி வரும்" எண்ட கேள்வியில. அந்தக் கேள்விக்குப் பதில் எந்தப் புத்தகத்திலயும் இருக்கு, ஆனா அது ஈ.கோலை எண்ட வழமையான லாப் பற்றீரியாவுக்கான பதில். அவள் கேக்க வேண்டிய கேள்வி ரெண்டு, இந்தப் பற்றீரியா எதுக்குக் கதவு திறக்கும், உள்ளுக்க போன டி.என்.ஏ எங்க குடியிருக்கோணும். ரெண்டாவதை ஆரும் முதல்ல கேக்கிறேல்ல, கடைசியில அதாலதான் புறொஜெக்ட் கவிழும்.

சரி, ஒவ்வொண்டாப் பாப்பம்.

ஹீட் ஷொக் எல்லாருக்கும் தெரியும். கல்சியம் குளோரைட்டில பற்றீரியாவைக் குளிர வச்சு, டி.என்.ஏ யைக் கலந்து, அரை மணித்தியாலம் ஐசில வச்சு, 42 பாகைத் தண்ணியில ஒரு 45 செக்கன், திரும்ப ஐஸ், பிறகு சத்துள்ள குழம்பில ஒரு மணித்தியாலம் 37 பாகையில, பிறகு பிளேட். 1970 இல மண்டேலும் ஹிகாவும் ஃபேஜ் (பற்றீரியாவைத் தொத்துற வைரஸ்) டி.என்.ஏ யை ஈ.கோலைக்க ஏத்த இந்தக் கல்சிய வழியைக் காட்டிச்சினம், 1972 இல கோஹனின்ட லாப்பில பிளாஸ்மிட்டுக்கும் (பற்றீரியாவுக்க தனியாப் பெருகிற சின்ன டி.என்.ஏ வட்டம்) சரிவந்திச்சு. டி.என்.ஏ க்கும் மறை ஏற்றம், கலத்தின்ட வெளித் தோலுக்கும் மறை ஏற்றம், ஒண்டை ஒண்டு தள்ளும், கல்சியம் நடுவில நிண்டு சமாதானம் பண்ணும். சூடு காட்டேக்க உள்ளுக்க எப்பிடி நுழையுது எண்டது இப்பவும் ஆராய்ச்சிக்காரருக்கே முழுசா வெளிச்சமில்ல, அம்பது வருசமா வேலை மட்டும் நடக்குது.

திருகோணமலையில இதுக்கு ஒரு வசதி இருக்கு, ஐஸ். லாப் ஐஸ் மெசின் பழுதாப் போனா எங்கட ஊரில அழத் தேவையில்ல, மீன்காரர் நொறுக்கின ஐஸ் ஒரு பெட்டி எடுத்தாக் காணும், நான் எத்தினை தரம் றெஜிஃபோம் பெட்டியோட சைக்கிளில போய் வந்திருப்பன், நல்லா நொறுக்கினது, டியூப் வடிவா இறங்கும். மீன் மணக்கும், அவ்வளவுதான். கச்சான் சூட்டுக் காத்து அடிக்கிற மாசங்களில மட்டும் கவனம், ஜன்னல் திறந்த லாப்பில ஐஸ் பெட்டி கண்ணுக்கு முன்னால தண்ணியாகும், அந்த அரை மணித்தியாலத்தில ரெண்டு தரம் ஐஸ் மாத்தோணும். 42 எண்டா 42 தான், "கிட்டத்தட்டச் சூடு" எண்டு கையை விட்டுப் பாக்கிறதுக்கு அது கன்னியா வெந்நீர்க் கிணறில்ல.

கொலனிக் கணக்கு எப்பிடி? வீட்டுத் தயாரிப்புக் கலங்களில ஒரு மைக்ரோகிராம் டி.என்.ஏ க்கு பத்து லட்சத்தில இருந்து ஒரு கோடி வரைக்கும் வந்தால் சந்தோசப்படலாம். பெரிய எண் மாதிரித் தெரியும், ஆனா பி.யு.சி 19 எண்ட 2686 எழுத்துச் சோடி நீளமான சின்னப் பிளாஸ்மிட்டில ஒரு மைக்ரோகிராம் எடுத்தா அதுக்குள்ள ஏறத்தாழ 34,000 கோடி மூலக்கூறு இருக்கு. ஒரு கோடி கொலனி வந்தாக்கூட 34,000 பேர் கதவைத் தட்ட ஒருத்தன்தான் உள்ளுக்க போயிருக்கிறான். ஆனா குளோனிங்குக்கு (ஜீனைக் கட்டிப் பெருக்கிற வேலைக்கு) எங்களுக்கு ஒரு கொலனி காணும், அதால ஈ.கோலை வேலைக்கு இதை விட மலிவான வழி இல்ல.

இப்ப தங்கச்சி கேட்டாள், "அப்ப இதையே காரல் பற்றீரியாவுக்கும் செய்வமே?" செய்யலாம், ரெண்டு கிழமை வீணாகும். இந்தச் சமையல் முறை ஈ.கோலைக்கு எண்டு பதப்படுத்தினது, கடலில பிடிச்ச காட்டுப் பற்றீரியாவுக்கு அநேகமா சரிவராது. அதோட விப்ரியோக் கூட்டத்தில சிலது டி.என்.ஏ யைத் தின்னிற நொதியத்தை வெளியில துப்பிக்கொண்டிருக்கும், நீங்க கஷ்டப்பட்டு எடுத்த பிளாஸ்மிட்டு ஐசில இருக்கேக்கயே சாப்பாடாப் போயிடும். தப்பி உள்ளுக்க போனாலும் அங்க ரெஸ்ரிக்ஷன் நொதியம் காவல் நிக்குது, தன்ர மெதில் அடையாளம் இல்லாத ரெட்டை இழை டி.என்.ஏ யைக் கண்டா வெட்டும். டி.எச்.5 அல்ஃபா மாதிரி லாப் ஈ.கோலையில அந்தக் காவலை எப்பவோ எடுத்துப் போட்டாங்கள், அதுதான் அதில எல்லாம் லேசாத் தெரியுது. காட்டுப் பற்றீரியாவை அதை வச்சு மதிப்பிடக் கூடாது.

அடுத்தது அவள் ஆசைப்பட்ட மெசின். கலங்களைக் குளிர்ந்த 10 வீதக் கிளிசரோலில திரும்பத் திரும்பக் கழுவி, உப்பை முழுசா நீக்கி, ஒரு மில்லிமீற்றர் இடைவெளி உள்ள கியூவெற்று எண்ட சின்னக் கிண்ணத்துக்க விட்டு 1.8 கிலோவோல்ற் அளவில ஒரு அடி, சரியா வந்தா நேர மாறிலி (அடி எவ்வளவு நேரத்தில தணியுது எண்ட அளவு) 5 மில்லிசெக்கன் கிட்ட காட்டும். மென்சவ்வில ஒரு கணம் துளை திறந்து மூடும், டி.என்.ஏ உள்ளுக்க போகும். 1988 இல டவர் எண்ட ஆராய்ச்சிக்காரரின்ட ஆக்கள் ஈ.கோலையில மைக்ரோகிராமுக்கு நூறு கோடியில இருந்து ஆயிரம் கோடி வரைக்கும் கொலனி எடுத்துக் காட்டினவை. ஆயிரம் கோடி எண்டா, மேல சொன்ன கணக்கில முப்பத்திச் சொச்சம் மூலக்கூறுக்கு ஒண்டு உள்ளுக்க. அதைப் பாத்தா ஆருக்கும் வாயூறும்தான்.

ஆனா கடல் பற்றீரியாவோட இதுக்குப் பிறவிப் பகை. உப்பு இருந்தா கரண்ட் கலத்துக்கு வெளியால பாய்ஞ்சு "டப்" எண்டு வெடிக்கும், கியூவெற்றும் போச்சு கலமும் போச்சு. உப்பை எடுத்தாலோ, உப்புத் தண்ணியிலயே பிறந்து வளந்த கலம் உள்ளுக்க தண்ணி ஏறி ஊதிச் செத்துப் போகும். அதுக்குச் சுக்குரோஸ் போட்டுச் சமாளிக்கிற வழி இருக்கு, சிலர் செய்து வெற்றியும் கண்டிருக்கினம், ஆனா எவ்வளவு சுக்குரோஸ், எத்தினை வோல்ற், எந்த வளர்ச்சிக் கட்டத்தில கலம் எடுக்கிறது எண்டு ஒவ்வொரு பற்றீரியாவுக்கும் தனித்தனியாப் பிடிக்கோணும். என்ர காலத்தில நான் வேலை செய்த ஒரு லாப்பில ஒரே கியூவெற்றைக் கழுவிக் கழுவி நாலஞ்சு தரம் பாவிச்சம், புதுசு வாங்க அனுமதி வராது, ஆறாவது தரம் வெடிச்ச சத்தத்தில பக்கத்து அறையில இருந்த ஆக்கள் ஓடி வந்தவை. அடிக்கிற நேரம் பாத்துக் கரண்ட் கட்டானது தனிக் கதை. இதில டி.என்.ஏ க்குப் பாதுகாப்பும் இல்ல, ரெட்டை இழையாவே நிர்வாணமா உள்ளுக்க போகுது, ரெஸ்ரிக்ஷன் நொதியம் அங்கயும் காத்துக்கொண்டிருக்கு. ஆகவே மெசினை இரவல் எடுத்து, கியூவெற்று வாங்கி, மூண்டு மாசம் கண்டிசன் தேடுறது ஃபைனல் இயர்ப் பிள்ளைக்கு ஏலாத வேலை. பெரிய ஈ.கோலை லைப்ரரி (கணக்கில்லாத வேற வேற டி.என்.ஏ துண்டுகளின்ட சேமிப்பு) கட்டுற ஆக்களுக்கு மட்டும் நான் இதைச் சொல்லுவன்.

மூண்டாவது வழியைப் பற்றிக் கதைக்கேக்கதான் எனக்கே கொஞ்சம் ஆசை வந்திட்டு. பற்றீரியா தானாவே டி.என்.ஏ யை எடுத்து விழுங்கிறது. ஏ.எல் பயோ படிச்சவைக்குக் கிரிஃபித்தின்ட எலிக் கதை ஞாபகம் இருக்கும், 1928, கொண்டு போட்ட நச்சு நியூமோக்கொக்கசையும் உயிருள்ள அப்பாவி நியூமோக்கொக்கசையும் சேத்து ஊசி போட எலி செத்தது. அந்த மாத்தத்துக்குக் காரணம் டி.என்.ஏ எண்டு 1944 இல ஏவரி, மக்லியொட், மக்கார்ட்டி மூண்டு பேரும் காட்டிச்சினம். அதில ஐசும் இல்ல கரண்டும் இல்ல, பற்றீரியாவே கை நீட்டி எடுத்தது. கை எண்டு சும்மா சொல்லேல்ல, உண்மையாவே நீட்டுது. கொலரா விப்ரியோ மெல்லிய பிலஸ் ஒண்டை வெளியில விட்டு, டி.என்.ஏ நுனியைப் பிடிச்சு, தூண்டில் மாதிரி உள்ளுக்க இழுக்கிறதை 2018 இல மைக்ரோஸ்கோப்பில நேரடியாப் பிடிச்சுக் காட்டியிருக்கினம். வெளி மென்சவ்வைத் தாண்டின உடன கொம்.ஈ.ஏ எண்ட புரதம் பிடிச்சு இழுக்கும், பிறகு கொம்.ஈ.சி எண்ட வாசலால ஒரு இழை மட்டும் உள்ளுக்க போகும், மற்ற இழை கழிஞ்சு போகும். உள்ளுக்க டி.பி.ஆர்.ஏ, ரெக்.ஏ எண்ட ரெண்டு புரதமும் அந்த ஒத்தை இழையைப் போத்திக்கொண்டு போய், நிறமூர்த்தத்தில அதே மாதிரி வரிசை இருக்கிற இடத்தைத் தேடிப் பொருத்தி மாத்தி வைக்கும்.

இதில கடற்கரைச் சனத்துக்குப் பிடிச்ச விசயம் என்னெண்டா, கொலரா விப்ரியோவை இந்த மனநிலைக்குக் கொண்டு வாறது கைட்டின், அதாவது நண்டுக் கோதும் இறால் கோதும். 2005 இல அதைக் கண்டுபிடிச்சவை. குப்பையில எறியிற இறால் கோதில ஏறி இருந்து கூட்டம் கூடினாத்தான் அதுக்குப் பசி வருது, பேந்து பக்கத்தில இருக்கிற வேற பற்றீரியாவை ஊசி மாதிரி ஒரு கருவியால குத்திக் கொண்டுபோட்டு அதின்ட டி.என்.ஏ யை எடுக்கிறதையும் 2015 இல காட்டிச்சினம். தங்கச்சி உடன "அண்ணா, இறால் கோது சந்தையில சும்மா கிடைக்குமே" எண்டு கண்ணை விரிச்சாள்.

கிடைக்கும்தான். ஆனா கொலரா விப்ரியோ செய்யிறதை அவளின்ட காரல் பற்றீரியாவும் செய்யுமா எண்டு நிரூபிக்கவே ஒரு தனிப் புறொஜெக்ட் வேணும். செய்தாலும், உள்ளுக்க போறது ஒத்தை இழைத் துண்டு, வட்டமான பிளாஸ்மிட்டு அந்த வாசலால முழுசாப் போய்த் திரும்ப வட்டமாகிறது கஷ்டம். நிறமூர்த்தத்தில இடம் பிடிக்கோணும் எண்டா ஜீனின்ட ரெண்டு பக்கமும் அவளின்ட பற்றீரியாவின்ட சொந்த வரிசையில ஆயிரக்கணக்கான எழுத்து நீளத்துக்குக் கை ஒட்ட வேணும், அதுக்கு முதல் அந்த வரிசை தெரிய வேணும். எம்.எஸ்.சி செய்யேக்க வா, நானும் சேந்து நிக்கிறன் எண்டு சொன்னன்.

ஃபேஜ் வழி, அதாவது வைரஸ் சுமந்து கொண்டு போறது, ரெண்டு நிமிசத்தில விட்டிட்டம். அவளின்ட பற்றீரியாவைத் தொத்துற ஃபேஜ் கையில இல்ல.

மிஞ்சினது சோடி சேக்கிறது, கொஞ்சுகேஷன். லெடர்பேர்க்கும் டேற்றமும் 1946 இல ஈ.கோலையில கண்டது. ஆரும் இதைப் பெருமையாச் சொல்றேல்ல, ஏனெண்டா மெசின் இல்ல, விலையான ஒண்டும் இல்ல, ரெண்டு பற்றீரியாவைக் கலந்து ஒரு ஃபில்டர் கடதாசியில துளி விட்டு ஒரு இரவு விடுறதுதான் முழு வேலையும். டோனர், அதாவது டி.என்.ஏ குடுக்கிற ஈ.கோலை, ஒரு பிலசால மற்றவரைப் பிடிச்சுக் கிட்ட இழுத்து, பிளாஸ்மிட்டில ஓ.ஆர்.ஐ.டி எண்ட இடத்தில ரிலக்சேஸ் எண்ட நொதியம் ஒரு இழையை மட்டும் வெட்டி, அந்த இழையின்ட நுனியோட தானே ஒட்டிக்கொண்டு மற்றக் கலத்துக்க போகுது, அங்க போய்த் திரும்ப வட்டமாக்கிற பொறுப்பும் அதின்ட தலையிலதான். பொருளை அனுப்பிப் போட்டு இருக்கிற ஆளில்ல, கூடவே போய் இறக்கிக் குடுத்து வாற லொறிக்காரன். நீளமும் பிரச்சினை இல்ல, ஈ.கோலையின்ட முழு நிறமூர்த்தமே இப்பிடிப் போக ஏறத்தாழ 100 நிமிசம் காணும், 1950களில பாரிசில வொல்மனும் ஜாக்கோபும் சமையல் பிளெண்டரில போட்டு அடிச்சு நடுவில பிரிச்சுப் பிரிச்சுத்தான் ஜீன் வரிசையை நிமிசக் கணக்கில அளந்தவை.

அவளின்ட பற்றீரியாவுக்கு இது ஏன் பொருந்துது எண்டா, டி.என்.ஏ வெளித் தண்ணியில நிக்கிற நேரமே இல்ல, தின்னிற நொதியத்துக்குக் கிடைக்காது. ஒத்தை இழையா உள்ளுக்க போறதால ரெஸ்ரிக்ஷன் காவலிட்ட இருந்தும் கொஞ்சம் தப்பும், முழுசா எண்டு சொல்லேலாது, மற்ற இழை கட்டின உடன வெட்டலாம், ஆனா தப்பிற பங்கு காணும். கலத்தைக் கழுவவோ உப்பை எடுக்கவோ தேவையில்ல, உப்பு ஒரு வீதமோ ஒண்டரையோ போட்ட அகாரில ரெண்டு பேரும் ஒரு இரவு 28, 30 பாகையில சகிச்சுக்கொண்டு இருப்பினம். கரண்ட் கட்டானாக்கூட எங்கட ஊர் அறை வெப்பமே அதுதான்.

இதுக்கும் ஒரு தலையிடி இருக்கு, மறைக்கக் கூடாது. அடுத்த நாள் பிளேட்டில டோனர் ஈ.கோலையும் இருக்கும், ஜீன் ஏறினதை மட்டும் பிழைக்க விட எண்டு பிளாஸ்மிட்டில சேத்து வச்ச அதே அன்ரிபயொற்றிக் எதிர்ப்பு அதுக்கும் இருக்கு, எப்பிடிப் பிரிக்கிறது? இதிலதான் முந்தி எங்களில பாதிப்பேர் கவுந்தது, கொலனி வந்திட்டு எண்டு கேக் வெட்டி, பிறகு பாத்தா எல்லாம் ஈ.கோலை. இப்ப அதுக்கு நல்ல வழி, டாப் எண்ட பொருள் இல்லாட்டி கலச்சுவர் கட்ட ஏலாத டோனர். சோடி சேக்கிற இரவு மட்டும் டாப் போடு, அடுத்த நாள் டாப் இல்லாத பிளேட்டில பரப்பு, டோனர் தானாச் செத்துப் போகும். அன்ரிபயொற்றிக்கிலயும் கவனம், விப்ரியோக் கூட்டத்தில கனபேருக்கு அம்பிசிலின் பிறப்பிலயே பெரிசா ஏறாது, அதால அம்பிசிலின் பிளாஸ்மிட்டைத் தூக்கிக்கொண்டு வராத, கனமைசினோ குளோரம்ஃபெனிக்கோலோ பாவி, அதையும் முதல் உன்ர பற்றீரியாவில எத்தினை மைக்ரோகிராமில சாகுது எண்டு பாத்திட்டுப் பாவி எண்டு எழுதியே குடுத்தன்.

இனி அந்த ரெண்டாவது கேள்வி, உள்ளுக்க போனது எங்க குடியிருக்கிறது. அவள் யோசிச்சது பிளாஸ்மிட்டாவே விடுறது எண்டு. லேசான வழிதான், பி.பி.பி.ஆர் 1 இல்லாட்டி ஆர்.எஸ்.எஃப் 1010 மாதிரி கனவகைப் பற்றீரியாவில வாழுற பிளாஸ்மிட்டு எடுத்தா வேலை முடிஞ்சுது, ஒரு கலத்தில கன பிரதி இருக்கிறதால சிவப்பும் நல்லாப் பிரகாசிக்கும். ஆனா ரெண்டு கிழமை மீன் தொட்டியில விடப் போறாள், தொட்டிக்க கனமைசின் போடேலாது. போடாட்டி, கலம் பிரியேக்க பிளாஸ்மிட்டு கிடைக்காத பிள்ளை சுமையில்லாம வேகமாப் பெருகும், நாளாக நாளாக சிவப்புக் குறையும், கடைசியில "இந்த இடத்தில பற்றீரியா ஒட்டேல்ல" எண்டு அவள் எழுதுவாள், உண்மையில ஒட்டியிருக்கும், நிறம் மட்டும்தான் போயிருக்கும். இது கொலனி எண்ணிக்கையை விடப் பெரிய பிழை, ஏனெண்டா இந்தப் பிழை தன்னைக் காட்டிக் குடுக்காது.

நிறமூர்த்தத்தில ஏத்தினா அந்தப் பயமில்ல. அதுக்கு அவளின்ட பற்றீரியாவின்ட வரிசையெல்லாம் தெரிஞ்சுகொள்ளாமலே செய்யக்கூடிய ஒரு வழி டி.என் 7. இந்தத் தாவுற ஜீன் மற்றத் தாவிகள் மாதிரிக் கண்ட இடத்தில பாயாது, ஜி.எல்.எம்.எஸ் எண்ட ஜீன் முடிஞ்ச உடன பின்னால இருக்கிற ஒரே இடத்தைத் தேடிப் போய்க் குந்தும். அந்த ஜீன் கலச்சுவருக்கு வேண்டியது, அநேகமா எல்லாப் பற்றீரியாவிலயும் இருக்கு, அதுக்குப் பின்னால குந்தினா ஒண்டும் கெடாது. எம்செரியை ஒரு மினி டி.என் 7 க்க வச்சு, பை எண்ட புரதம் இல்லாட்டிப் பெருக ஏலாத ஆர் 6 கே வகைப் பிளாஸ்மிட்டில சுமத்தி, பாய வைக்கிற நொதியங்களின்ட ஜீன்களை அதே வகை இன்னொரு பிளாஸ்மிட்டில தனியா அனுப்பினா, சுமந்து போன வண்டி ரெண்டும் அங்க பெருகாம அழிஞ்சு போகும், ஜீன் மட்டும் மிஞ்சும். ஒரு பிரதிதான், அதால சிவப்பு மங்கல், வலுவான புறமோட்டர் (ஜீனை வேலை செய்ய வைக்கிற சுவிச்சு) போடோணும், எக்ஸ்போசர் கூட வைக்கோணும். நான் அதை ஏத்துக்கொள்ளுவன், மங்கலா எண்டாலும் ரெண்டு கிழமையும் இருக்கும்.

அதோட இன்னொரு காரணமும் இருக்கு, அவளுக்கு அதைச் சொல்லேக்க கொஞ்சம் குரலைக் கூட்டித்தான் சொன்னன். சோடி சேந்து போகக்கூடிய பிளாஸ்மிட்டில கனமைசின் எதிர்ப்பு ஜீனைக் கட்டி, கடல் பற்றீரியாவுக்க விட்டு, அந்தத் தொட்டித் தண்ணியை வாய்க்காலில ஊத்தினா அது உப்புவெளிக் கடலுக்குத்தான் போகும். கொலிஸ்டின் மருந்துக்கு எதிரான எம்.சி.ஆர் 1 ஜீன் 2015 இல சீனாவில பிளாஸ்மிட்டில ஏறி நிண்டதைக் கண்டு உலகமே பயந்தது இதே சோடி சேருற வழியாலதான். நிறமூர்த்தத்தில இருக்கிற ஜீன் அவ்வளவு லேசா வீடு மாறாது. எப்பிடியோ, தொட்டித் தண்ணி, மீன், ஃபில்டர் எல்லாம் ஓட்டோகிளேவுக்குப் போகாம வெளியில போகக் கூடாது, தொட்டி தொடங்க முந்தியே சுப்பவைசரிட்டயும் எதிக்ஸ் கொமிற்றியிட்டயும் எழுத்தில அனுமதி வாங்கச் சொன்னன்.

ஆகவே கடைசியில தீர்மானம் இப்பிடி வந்தது. எம்செரியை மினி டி.என் 7 க்க கட்டுற வேலை ஈ.கோலையில, ஹீட் ஷொக்கில, மீன்காரரின்ட ஐசில. அதுக்குப் பை புரதம் உள்ள ஈ.கோலை வகை வேணும் எண்டதை மறக்கக் கூடாது, டி.எச்.5 அல்ஃபாவில அந்தப் பிளாஸ்மிட்டு பெருகாது, இந்தப் பிழையை நான் செய்து ஒரு மாசம் வெறும் பிளேட்டைப் பாத்துக்கொண்டு இருந்தனான். பிறகு அதை டாப் தேவைப்படுற டோனருக்கு மாத்தி, காரல் பற்றீரியாவோட சோடி சேத்து, கனமைசின் பிளேட்டில எடுத்து, ஜி.எல்.எம்.எஸ் பக்கத்தில பி.சி.ஆர் போட்டு இடத்தை உறுதிப்படுத்துறது. எலக்ட்ரோபொரேற்றர் தேவையே இல்ல.

போகேக்க வாசலில நிண்டு கேட்டாள், "அண்ணா, வந்த கொலனி ஈ.கோலையா என்ர பற்றீரியாவா எண்டு பி.சி.ஆருக்கு முதலே தெரியாதா?" இவ்வளவு நேரம் கதைச்சும் எனக்கு அது தோணேல்ல, அவளே பதிலையும் சொன்னாள். லைற்றை நூத்துப் போட்டுப் பத்து நிமிசம் கண் பழக விட்டுப் பிளேட்டைப் பாக்கிறதாம், நீலமா மினுங்கிறதுகளை மட்டும் குச்சியால தொட்டு எடுக்கிறதாம்.